பகுதியில் மூலம் இருந்தால் என்ன?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

எங்கள் தெருவில் மாலை வேளைகளில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். திண்ணைதான் வகுப்பறை. அவர்களுள் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி சென்ற மாதம் ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏன்க்கா, கீழ ரூட் இருந்தா என்ன? எதுக்கு அதை மேல கொண்டு போகணும்?”

நான் சற்றும் யோசிக்காமல், “அப்படித்தான். கீழ இருக்கக் கூடாது. இருந்தா மார்க் கிடையாது” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. இதே கேள்வியை நான் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். இதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. பள்ளியில் ஒரு தேர்வில் 1/(√5 + 2) என்று விடையை நிறுத்தியிருந்தேன். சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் கழித்திருந்தார்கள். √5 − 2 என்று எழுதியிருக்க வேண்டுமாம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டதற்கு, “பகுதியை விகிதமுறு எண்ணாக்கு என்பது விதி” என்று பதில் வந்தது. வீட்டில் போய்க் கேட்க எனக்கு ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே விதி என்றால் விதி என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அந்த மனப்பாடத்தை இப்போது இன்னொரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டேன்.

அச்சிறுமியின் தாயார் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். பட்டாசு வேலையிலும் விதிகள் உண்டு. மருந்து இருக்கும் இடத்தில் இரும்புக் கருவி கூடாது. பெட்டியைத் தரையில் இழுக்காதே, தூக்கி வை என்பார்கள். ஆனால் அங்கே எந்த விதியும் காரணம் இல்லாமல் வருவதில்லை. இரும்பு உரசினால் பொறி எழும், இழுத்தால் உராய்வு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே காரணமும் சேர்ந்தே காதில் விழுந்துவிடும். காரணம் தெரிந்தவருக்குத்தான் விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதும் தெரியும். கணக்கில் மட்டும் நாம் ஏன் காரணத்தைக் கழற்றி வைத்துவிட்டு விதியை மட்டும் கொடுக்கிறோம்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. பேராசிரியப் பெருமக்கள் இதில் பிழை கண்டால் திருத்தியருள வேண்டுகிறேன்.

முதலில் விதியின் காரணத்தைத் தேடினேன். அது கையால் வகுத்த காலத்துக் காரணம். 1/√2 இன் மதிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். √2 = 1.41421356 என்று அட்டவணையில் இருக்கிறது. ஒன்றை 1.41421356 ஆல் வகுக்க உட்கார்ந்தால் அரைப்பக்கம் தீர்ந்துவிடும். அதையே √2/2 என்று மாற்றிவிட்டால் 1.41421356 ஐ இரண்டால் வகுத்தால் போதும், 0.70710678 என்று வாய்க்கணக்காகவே வந்துவிடும். நல்ல காரணம்தான். ஆனால் அது உழைப்பை மிச்சப்படுத்தும் உபாயமேயன்றி நீதி அநீதி சம்பந்தப்பட்ட விஷயம் அன்று. கையால் வகுப்பவர் யாரும் இல்லாத இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. (ஒத்த உறுப்புகளைக் கூட்டவும், இரண்டு விடைகள் ஒன்றுதானா என்று பார்க்கவும் பொதுவான ஒரு வடிவம் வேண்டும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.)

சரி, என்னுடைய ‘தவறான’ விடைக்கு வருகிறேன். √5 ஐ 2.2 என்று மட்டும் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். ‘சரியான’ வடிவமாகிய √5 − 2 ஐ எடுத்துக்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 0.2. என்னுடைய 1/(√5 + 2) ஐ எடுத்துக்கொண்டால் 1/4.2, அதாவது 0.238. உண்மை மதிப்போ 0.23606... ஆகும். அடிக்கப்பட்ட விடைதான் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது! இதைக் கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பிறகு, இது தற்செயலா அல்லது இதற்குள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்ப்பதற்கு வேண்டிய பொருள் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் தந்தையார் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். 1923 இல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் பின்னோடு வந்தது. நாட்காட்டியும் டைரியும் பிறகு வந்தன. இது நம் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை. தாள் வெட்டுகிறவருக்கு டபுள் கிரவுன் என்றால் 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். அதை நீளவாக்கில் பாதியாக்கினால் 15 க்கு 20, அதாவது கிரவுன். அதையும் பாதியாக்கினால் 10 க்கு 15.

“ஒரு தடவ வெட்டினா உருவம் மாறிடும். ரெண்டு தடவ வெட்டினா பழைய உருவம் வந்துரும். இது எந்தத் தாளுக்கும் அப்படித்தான்” என்று அப்பா சொன்னார். ஆறாம் வகுப்போடு நின்றவர். நான் அதைக் குறியீட்டில் எழுதிப் பார்த்தேன். தாளின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் அ என்றால், ஒரு முறை பாதியாக்கியபின் விகிதம் 2/அ. மறுமுறை பாதியாக்கினால் 2 ÷ (2/அ), மீண்டும் அ. அப்பா சொன்னது ஒரு முற்றொருமை! டபுள் கிரவுனில் 3/2, கிரவுனில் 4/3, அடுத்து மறுபடி 3/2. பெருக்கினால் எப்போதும் 2.

ஒருமுறை வெட்டினாலே உருவம் மாறாதிருக்க வேண்டுமானால் அ = 2/அ ஆக வேண்டும்; அதாவது அ² = 2. அப்படிப்பட்ட தாள்தான் நாம் நகலெடுக்கும் கடைகளில் வாங்கும் ஏ4. லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர், தாம் இயற்கணிதம் கற்பித்த ஓர் ஆங்கில மாணவனுக்கு இதையே பயிற்சிக் கணக்காகக் கொடுத்ததாக 1786 இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். விடையைக் கண்டபின், கையிலிருந்த சாதாரண எழுது தாளை அந்த அளவுக்கு வெட்டலாம் என்று பார்த்தால் அது ஏற்கெனவே அந்த அளவில்தான் இருந்ததாம். 1922 இல் ஜெர்மனி இதைத் தன் தர அளவாக ஏற்றது. 1975 இல் உலகத் தரமாயிற்று. முழுத்தாளாகிய ஏ0 இன் பரப்பு ஒரு சதுர மீட்டர். நான்கு முறை பாதியாக்கினால் ஏ4.

ஏ4 தாளின் அளவு 297 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர். மூன்றால் வகுத்தால் 99/70. இது √2 இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? அகலம் 210 என்றால் நீளம் 210√2 இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 297. வித்தியாசம் 297 − 210√2, அதாவது 3(99 − 70√2). இனிக் கணக்குப் போடலாம்.

√2 ஐ 1.4 என்று எடுத்துக்கொண்டால் 99 − 98 = 1. 1.414 என்று எடுத்தால் 99 − 98.98 = 0.02. 1.4142 என்று எடுத்தால் 0.006. ஒரு தசம இடம் கூடும்போதெல்லாம் விடை தடம் புரள்கிறது. உண்மை விடை 0.0050506... பள்ளியில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் 1.414, இங்கே உண்மையைப் போல் நான்கு மடங்கு விடையைத் தருகிறது.

இப்போது எட்டாம் வகுப்பிலேயே படித்த அந்தப் பழைய முற்றொருமையை எடுப்போம்: அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ). 99² = 9801. (70√2)² = 9800. ஆகவே (99 − 70√2)(99 + 70√2) = 1. அதாவது,

99 − 70√2 = 1/(99 + 70√2).

பகுதியில் மூலம்! தேர்வுத்தாளில் அடிபடும் வடிவம்! ஆனால் இதில் √2 ஐ 1.4 என்று போட்டாலே 1/197, அதாவது 0.005076 கிடைக்கிறது. 1.414 என்று போட்டால் 1/197.98, அதாவது 0.005051. வேறு எந்தச் செலவும் இல்லாமல் மூன்று இலக்கத் துல்லியம் வந்துவிட்டது. ஏ4 தாளின் நீளப் பிழை இதன் மும்மடங்கு, 0.015 மில்லிமீட்டர். தாளின் கனமே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இருக்குமென்றால், கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அது பிளேடுக்கே தெரியாது” என்றார்.

ஏன் இப்படி? குற்றவாளி மூலம் அன்று, கழித்தல். ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, முன்னால் இருக்கும் நல்ல இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கடைசியில் இருக்கும் பிழை இலக்கங்களே மிஞ்சுகின்றன. கூட்டலில் அந்த ஆபத்து இல்லை. முற்றொருமை செய்யும் வேலை, கழித்தலைக் கூட்டலாக மாற்றுவது. 1/(√3 − √2) என்று இருந்தால் கழித்தல் பகுதியில் இருக்கிறது. அப்போது √3 + √2 என்று மேலே கொண்டுவருவது அறிவுடைமை. √3 − √2 என்றே இருந்தால் 1/(√3 + √2) என்று கீழே இறக்குவது அறிவுடைமை. இரண்டும் ஒரே முற்றொருமைதான். நாம் இதை ஒரு திசையில் மட்டும் செல்லும் சாலையாக ஆக்கி, மறு திசையில் போகிறவனுக்கு அபராதம் விதித்துக்கொண்டிருக்கிறோம்.

கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்கள் எட்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்றை எடுத்து, 10,00,00,000 (பத்துக் கோடி) க்கும் அதைவிட ஒன்று கூடிய எண்ணுக்கும் உள்ள வர்க்கமூலங்களின் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முயன்று பார்க்கட்டும். ஒன்பது இலக்க எண் அதற்குள் நுழையவே நுழையாது. வர்க்கமூலத்தை எங்கிருந்தாவது வாங்கி எட்டு இலக்கத்துக்குச் சுருக்கிக் கொடுத்தாலும் இரண்டுமே 10000.000 என்று நிற்கும், கழித்தால் சைபர். காகிதத்தில் 1/(இரண்டின் கூட்டல்) என்று எழுதுகிறவனுக்கு 1/20000, அதாவது 0.00005 என்று உடனே தெரிந்துவிடும். கணினி அறிவியல் பிரிவு நண்பர்கள் இதே நோயைத் தங்கள் எந்திரத்தில் வேறு பெயரால் அறிவார்கள். அங்கேயும் மருந்து இந்த எட்டாம் வகுப்பு முற்றொருமைதான். இருபடிச் சமன்பாட்டில் மிகச் சிறிய தீர்வை நேரடியாகச் சூத்திரத்தில் கழித்துக் காணாமல், இரண்டு தீர்வுகளின் பெருக்கற்பலனை வைத்துக் காண்பதும் இதன் இன்னோர் உருவம். அ² − 198அ + 1 = 0 என்பதன் தீர்வுகள் 99 + 70√2, 99 − 70√2 என்பதைச் செய்து பார்க்கிறவர்கள் கண்டுகொள்வார்கள்.

99, 70 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் இன்னும் இனிமை. 3 + 2√2 ஐ மூன்று முறை பெருக்குங்கள்: முதலில் 17 + 12√2, பிறகு 99 + 70√2. அப்பாவின் தாள்களிலும் இதே பரம்பரைதான் ஒளிந்திருக்கிறது. டபுள் கிரவுனின் 3/2 க்கும் கிரவுனின் 4/3 க்கும் சராசரி 17/12. அதற்கு இணையான 24/17 ஐச் சேர்த்து மறுபடி சராசரி எடுத்தால் 577/408. பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில் √2 க்குத் தந்திருக்கும் மதிப்பு, ஒன்று, அதனுடன் மூன்றில் ஒன்று, அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒரு பங்கு, அதிலிருந்து அப்பங்கின் முப்பத்து நான்கில் ஒரு பங்கு கழிவு. கூட்டிப் பார்த்தால் அதே 577/408. 577 இன் வர்க்கம் 3,32,929. 408 இன் வர்க்கத்தின் இருமடங்கு 3,32,928. ஒன்றுதான் வித்தியாசம். சராசரி எடுக்கும்போது பிழை ஏன் இவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதையும் ஒரு முற்றொருமையே சொல்லிவிடுகிறது: அ வுக்கும் 2/அ வுக்கும் சராசரி, √2 ஐ விட (அ − √2)²/2அ அளவு கூடுதல். பிழை வர்க்கமாகிறது, சிறிய பிழையின் வர்க்கம் மிகச் சிறியது.

பெருமை பேசும் இடத்துக்கு வந்துவிட்டதால் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போதையனார் பெயரைச் சொல்லி நம்மிடையே ஒரு விதி வழங்கி வருகிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் வேண்டுமானால் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்துவிட்டு, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டு; வர்க்கமூலமே வேண்டாம் என்பது அதன் சாரம். 3, 4 க்கு 5 வருகிறது. 5, 12 க்கு 13 வருகிறது. மேடைகளில் இந்த இரண்டையும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நானும் பள்ளிப் பேச்சுப்போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியவள்தான், மறைப்பானேன்? இப்போது அதை வர்க்கமாக்கிப் பார்த்தேன். குறுகிய பக்கம் அ, நீண்ட பக்கம் ஆ என்றால், விதி சரியாக இருக்க வேண்டுமானால் 48அ² − 56அஆ + 15ஆ² = 0 ஆக வேண்டும். இது (4அ − 3ஆ)(12அ − 5ஆ) என்று காரணிப்படுகிறது. ஆகவே 3:4, 5:12 என்ற இரண்டு உருவங்களுக்கு மட்டுமே இவ்விதி துல்லியம். வேறு எதற்கும் இல்லை. 8, 15 க்கு 17 வர வேண்டும், விதி 17.125 தருகிறது. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.414 க்குப் பதில் 1.375. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அவசரத்துக்கு நல்ல தோராயம். அதை வகுத்தவர் யாராயினும் கெட்டிக்காரர். ஆனால் வர்க்கமூலத்துக்கு மாற்று என்று சொல்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை அன்று. சரிபார்க்க வேண்டிய கருவி நம் கையில் இருக்கும்போது சரிபார்க்காமல் பெருமைப்படுவதை நான் இப்போது விரும்புவதில்லை.

உண்மையாகவே பெருமைப்பட வேண்டியதற்கு இராமானுஜன் இருக்கிறார். நம்மைப் போல் அரசுக் கல்லூரியில், கும்பகோணத்தில், 1904 இல் சேர்ந்து, ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 289 ஆம் கேள்வியாக அவர் ஒன்றை அனுப்பினார். ஒன்றுடன், இரண்டு பெருக்கல் ஒரு வர்க்கமூலம். அந்த மூலத்துக்குள்ளே ஒன்றுடன், மூன்று பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதனுள்ளே நான்கு, ஐந்து என்று முடிவில்லாமல் போகிறது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...

மதிப்பு என்ன? மாதங்கள் சென்றன, விடை எவரும் அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடையைத் தந்தார்: 3. இதன் உள்ளே இருப்பது என்னவென்று பார்த்தால் மலைத்துப்போவோம். 3² = 1 + 2×4. 4² = 1 + 3×5. 5² = 1 + 4×6. அவ்வளவுதான்! அ² − 1 = (அ − 1)(அ + 1) என்ற அதே முற்றொருமை. 3 க்குள் 4 ஐயும், 4 க்குள் 5 ஐயும் வைத்துக்கொண்டே போனால் அந்த நீண்ட கோவை தானாக விரிந்துவிடுகிறது. நாம் அனைவரும் அறிந்த ஒரு வரியில் நாம் எவரும் பார்க்காததை அவர் பார்த்தார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் நம் துறைப் பேராசிரியர் ஒருவர். 4 = √(1 + 2×(15/2)). 15/2 = √(1 + 3×(221/12)). இப்படியே நானும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டு போகலாம். அப்படியானால் விடை 4 என்றும் ‘நிரூபித்து’விடலாமே? முற்றொருமை மட்டும் போதாது. வால் பகுதி எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்த்து எல்லை மதிப்பு உண்டென்று காட்ட வேண்டும். இராமானுஜனின் வரிசையில் 4, 5, 6 என்று நிதானமாக வளர்கிறது. என் போலி வரிசையில் அது கட்டுமீறி ஓடுகிறது. இப்படி மூலத்துக்குள் மூலமாகச் செல்லும் கோவைகள் எப்போது ஒருங்கும் என்பதற்கு நிபந்தனை கண்டவரும் ஒரு தமிழரே: தி. விஜயராகவன். ஹார்டியிடம் பயின்றவர், அழகப்பச் செட்டியார் 1950 இல் சென்னையில் நிறுவிய இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். இந்தப் பெயரை நான் இக்கல்லூரிக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பாஸ்கராச்சாரியார் 1150 ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் √(10 + √24 + √40 + √60) என்பதை √2 + √3 + √5 என்று பிரிக்கும் கணக்கு இருக்கிறது. வர்க்கமாக்கிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. பார்க்காமல் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மாலைப்பொழுது. இதைப் போன்றதில்தான் நம் மாணவர்கள் இன்னொரு குழியிலும் விழுகிறோம். √(3 − 2√2) ஐ 1 − √2 என்று எழுதிவிடுவோம். வர்க்கமாக்கினால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 1 − √2 குறை எண். வர்க்கமூலக் குறி குறை எண்ணைத் தராது. √2 − 1 என்பதே விடை. √(அ² + ஆ²) = அ + ஆ என்று எழுதும் பழைய வியாதியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையே எழுதலாம்; இங்கே விட்டுவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். நம் கல்லூரியின் அகமதிப்பீட்டுத் தேர்வுகளில், வடிவம் இன்னதுதான் என்று கேள்வியில் சொல்லாதவரை, பகுதியில் மூலம் இருந்ததற்காக மதிப்பெண் கழிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தக் கோவையை இரண்டு வடிவங்களில் எழுது; √2 = 1.41 என்று மட்டும் தெரிந்தவன் எந்த வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும், ஏன்? இந்த ‘ஏன்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தால் போதும். மனப்பாடம் செய்தவனும் காரணம் தெரிந்தவனும் அங்கே பிரிந்துவிடுவார்கள். திருத்துவதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்று சொல்வார்கள், உண்மைதான். அறுபது விடைத்தாள்களை இரண்டு நாளில் திருத்த வேண்டிய ஆசிரியரின் சிரமத்தை நான் அறியாதவள் அல்லள். ஆயினும் வீட்டில் காரணம் சொல்ல ஆள் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அதைக் கேட்கக்கூடிய ஒரே இடம் வகுப்பறை. இங்கேயும் ‘அப்படித்தான்’ என்ற பதில் கிடைத்தால், அதையே வாங்கிக்கொண்டு போய் அடுத்தவருக்கும் கொடுப்போம். நான் கொடுத்தேனே!

சென்ற வாரம் அச்சிறுமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஓர் ஏ4 தாளையும் அப்பா கொண்டுவந்த ஒரு கிரவுன் துண்டையும் மடித்துக் காட்டினேன். 99, 70 கணக்கையும் இரண்டு வழியில் போட்டுக் காட்டினேன். 1.4 ஐ வைத்து ஒரு வழியில் 1 வந்ததையும் மறுவழியில் 0.005 வந்ததையும் பார்த்து, “ஒரே கணக்கா அக்கா இது?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு தானாகவே √5 க்கும் 2 க்கும் போட்டுப் பார்த்தாள். முடித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

“அப்போ பரீட்சையில எதை எழுதட்டும்?”

பொதுத்தேர்வுக்கு விடைக் குறிப்பில் இருக்கிறபடியே எழுது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மேலே மூலத்தை ஏற்றி எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் மற்ற வடிவத்தையும் சின்னதாக எழுதி வைத்துக்கொண்டாள்.